அரிசி மேலே வரும் வரை

ஜனவரி 9

அம்மா பீரோவைத் தட்டினாள். எங்கள் அறைக்குச் சுவர் அதுதான். கூடத்தின் நடுவில் பீரோ, மீதி இடைவெளியில் ஒரு திரை. கல்யாணமான எட்டு மாதமாக இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அம்மாவும் தொலைக்காட்சியும்.

"உள்ள இருக்கீங்களா? துணி எடுக்கணும்."

பீரோவின் கதவு அவள் பக்கம்தான் திறக்கும். ஆனாலும் தட்டுவாள். மாப்பிள்ளைக்கு மரியாதை.

இன்று இருவரும் ஏஜென்சிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். கடலில் ரிக் என்னும் மேடை நிறுத்தி எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள். நானும் அவனும் நிலவியல் முதுகலை. ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு, அதன்பின் ஒரே மாதிரி வேலையில்லாமல்.

"கடல்லயா வேலை?" அம்மா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "அப்ப குடித்தனமும் கடல்லதானா?"

"கரையில வீடு எடுப்போம்மா."

"எடுங்க எடுங்க. எனக்கு என் பீரோவைச் சுவரோரமா பாக்கணும்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இங்கே எதையும் சத்தமாகச் செய்து பழக்கமில்லை எங்களுக்கு.

எண்ணெய் எனக்கு ஒரு கனவும் இல்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் ஒரு கதவு வேண்டும். அவனும் நானும் அதற்கு உள்ளே. அவ்வளவுதான்.

ஜனவரி 17

நேர்முகம். தனித்தனியாக. எதிரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "லாக் எப்படிச் சரிபார்ப்பீங்க?"

இந்த வேலையின் அடிப்படையே அதுதான். ஆழத்தில் துளைக்கும் முனை நொறுக்கும் கல், குழாய் வழியே கீழே இறைக்கும் சேற்றோடு கலந்து மேலே வந்து சேர நேரம் ஆகும். ஒரு மணி நேரம், சமயத்தில் அதற்கும் மேல். ஆகவே சல்லடையில் இப்போது விழும் கல் இப்போது உடைந்தது இல்லை. எப்போதோ உடைந்தது. அந்த இடைவெளிக்குத்தான் லாக் என்று பெயர். அது தெரியாமல் எழுதினால் ஆழம் தப்பிப் போகும்.

சூத்திரம் சொன்னேன். குழாயின் கொள்ளளவு, பம்பின் வேகம்.

"கணக்கு சரி. துளை உங்க கணக்குப்படிதான் இருக்கும்னு யார் சொன்னா?"

வெளியே வந்து அவனிடம் கேட்டேன்.

"அரிசின்னு சொன்னேன்," என்றான். குழாயின் இணைப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு பிடி அரிசி போட வேண்டுமாம். அது கீழே போய், முனை வழியாக வெளியேறி, சேற்றோடு மேலே வரும். சல்லடையில் முதல் அரிசியைப் பார்க்கும் வரை நேரம் குறிக்க வேண்டும். கீழே போன நேரத்தைக் கழித்தால் மிச்சம் லாக்.

"அரிசி வரலைன்னா?"

"நீ தூங்கிட்டேன்னு அர்த்தம்."

பேருந்து நிறுத்தம் வரை சிரித்தோம். இந்த ஆண்டில் தெருவில் சிரித்தது இதுதான் முதல் முறை.

ஜனவரி 24

இருவருக்கும் கிடைத்துவிட்டது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 30

ஏஜென்சி மேடம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே எங்களிடமும் பேசினார்.

"ரெண்டு ரிக்ல இடம் இருக்கு. ஒண்ணுல பகல் வேலைக்கு ரெண்டு பேரும் புதுசா வேணும். இன்னொண்ணுல ஒருத்தர் போதும். உங்களுக்கு எப்படி, ஒரே ரிக்கா, வேற வேறயா?"

"ஒரே ரிக்."

இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அபூர்வமான ஜோடிதான்," என்று சிரித்துவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பினார்.

படிக்கட்டில் இறங்கும்போது, "எதுக்கு அப்படிச் சிரிச்சாங்க?" என்றான்.

"பொறாமை," என்றேன்.

பிப்ரவரி 12

பயிற்சி. நீச்சல் குளத்தின் மேல் ஒரு கூண்டு தொங்குகிறது. ஹெலிகாப்டர் மாதிரி. நாலு பேரை உள்ளே கட்டி, தண்ணீரில் இறக்கி, தலைகீழாகப் புரட்டுகிறார்கள். புரண்டு நிற்கும் வரை அசையக் கூடாது. ஒரு கை ஜன்னலில். ஒரு கை இடுப்புப் பட்டையில். கூண்டு நின்ற பிறகு கழற்றி வெளியே வர வேண்டும்.

ஏறும் முன் பக்கத்தில் இருப்பவரின் மிதவைச் சட்டைப் பட்டையை இழுத்துப் பார்ப்பது விதி. அவன் என்னுடையதை இழுத்தான். நான் அவனுடையதை.

தண்ணீருக்குள் மூக்கெல்லாம் எரிந்தது. எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். அவன் முடி நேராக நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயமே போய்விட்டது.

பிப்ரவரி 19

தேதி வந்தது. அவன் 25ஆம் தேதி போகிறான். நான் மார்ச் 25.

அச்சுப் பிழை என்று நினைத்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"பிழையெல்லாம் இல்லம்மா. அந்த ரிக்ல பகல் வேலை ஒரு இடம்தான். நாலு வாரம் அவர் இருப்பார், நாலு வாரம் நீங்க. நீங்க ஒருத்தருக்கொருத்தர் மாற்று ஆள். ஒரே ரிக்னு கேட்டா இதுதானே வரும்?"

"ஒருத்தர் பகல், ஒருத்தர் ராத்திரின்னு போட முடியாதா?"

"ராத்திரி அனுபவம் இருக்கறவங்களுக்கு. தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "அதான் நிச்சயமான்னு கேட்டேன்," என்றார்.

வேறு ரிக் கேட்டிருந்தால் ஒரே தேதியில் போய் ஒரே தேதியில் திரும்பியிருப்போம். நாலு வாரம் பிரிவு, நாலு வாரம் வீடு. இதில்? அவன் ஏறும்போது நான் இறங்குவேன். எனக்கு விடுமுறை என்றால் அவனுக்கு வேலை.

அந்த இன்னொரு ரிக்கின் இடத்தை யாரோ எடுத்துவிட்டார்களாம்.

ஒன்றாக இருக்க ஆசைப்பட்டு ஒன்றாக இருக்க முடியாத ஒரே இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். முதுகலைப் பட்டதாரிகள்.

"ஆறு மாசம் ஓட்டுவோம். அப்புறம் மாத்தித் தரச் சொல்லுவோம்," என்றான். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பீரோவுக்கு அந்தப் பக்கம் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். நாங்கள் அழுதால் கேட்கக் கூடாதென்று.

பிப்ரவரி 22

வீடு. மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒரு மேஜை வாங்கினோம், இரண்டு நாற்காலி. சாவி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று செய்ய வேண்டும் என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன். யாரும் போகவில்லை.

தாழ்ப்பாள் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். "பத்திரமா பாத்துக்க, தேஞ்சிடப் போவுது," என்றான்.

மூன்று நாள் இருக்கிறது.

பிப்ரவரி 25

போய்விட்டான்.

மார்ச் 8

இந்த வீட்டில் சத்தமாகப் பேசலாம். யாரிடம்?

மார்ச் 25

முதல் பயணம். ஹெலிகாப்டர் நிலையத்தின் கவுண்டரில் எடை பார்த்தார்கள், பையைத் திறந்தார்கள். வீட்டுச் சாவியைக் கவுண்டர்காரரிடம் கொடுத்தேன்.

"இன்னைக்கு ரிக்லேந்து திரும்பி வர்றவங்கள்ல என் வீட்டுக்காரர் இருக்கார். அவர்கிட்ட குடுத்துடுங்க."

"நீங்க அங்க, அவர் இங்க, சாவி என்கிட்ட," என்றார். "வாடகையில எனக்கும் பங்கு உண்டா?"

எங்களை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டரே அவர்களை ஏற்றி வரும். ரிக்கின் தளத்தில் விசிறியை நிறுத்துவதில்லை. இறங்குகிறவர்கள் ஒரு வரிசை, ஏறுகிறவர்கள் ஒரு வரிசை, நடுவில் மஞ்சள் கோடு. எல்லார் காதிலும் அடைப்பான். நிற்கக் கூடாது, தொடக் கூடாது, தொப்பியைக் கூடக் கையில் வைத்திருக்கக் கூடாது.

அவன் வரிசையில் மூன்றாவது. தாடி வைத்திருந்தான். வாய் அசைந்தது. எதுவும் கேட்கவில்லை. என் மிதவைச் சட்டையைக் காட்டி, தன் பட்டையை ஒரு முறை இழுத்துக் காட்டினான். சரியா இருக்கா?

நானும் இழுத்துக் காட்டினேன். இருக்கு.

ஒரு மாதம் காத்திருந்தது அதற்குத்தான். பத்தடி நடந்திருப்பேன்.

ஏப்ரல் 3

எங்கள் யூனிட் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே நுண்ணோக்கி, திரைகள், ஒரு சின்னத் தொட்டி. சல்லடைக்குப் போய்க் கல்துணுக்கை அள்ளி வந்து, கழுவி, உலர்த்தி, பார்த்து எழுத வேண்டும். சாம்பல் நிறம். மென்மை. மணல் இல்லை. எண்ணெய் இல்லை. அடுத்தது. சாம்பல் நிறம். மென்மை.

இந்த நாற்காலியின் உயரம் அவனுக்கானது. நான் மாற்றவில்லை. கால் தரையில் பாவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சல்லடையைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் சல்லடை என்றே கூப்பிடுகிறார்கள். நான் அண்ணே என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

"உங்க வீட்டுக்காரர் நல்ல கலகலப்பு. இங்க நின்னா பாட்டுதான். இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஆனா பாடுவாரு."

பாடுவானா?

எட்டு மாதம் பீரோவின் இந்தப் பக்கம் கிசுகிசுத்தே பேசியவன். பாவம். எவ்வளவு அடக்கி வைத்திருந்திருக்கிறான். இனி வீட்டிலேயே பாடலாம், நான் இருக்கும்போது.

நான் எப்போது இருப்பேன்?

ஏப்ரல் 11

இன்று நானே அரிசி போட்டேன். சமையல்கட்டில் கேட்டதும், "யூனிட்ல பொங்கித் திங்கப் போறீங்களா?" என்றார் சமையல்காரர். துளையிடும் டிரில்லர் குழாயைக் கழற்றித் தந்தார். ஒரு பிடி போட்டேன். பிறகு சல்லடை முன்னால் நின்றேன்.

சேறு மட்டும் வந்துகொண்டிருந்தது. கால் கடுத்தது. கண் எரிந்தது. திடீரென்று கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று. பிறகு நாலைந்து.

"வந்துடுச்சு," என்று கத்தினேன்.

ஒலிபெருக்கியில் டிரில்லர்: "வெந்துடுச்சா, பாத்துச் சொல்லும்மா."

அவனிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 22

தளத்தில் அவன் இரண்டாவது. தாடி இல்லை. பட்டையை இழுத்துக் காட்டினான். நானும். இன்று என்னைப் பார்த்துக்கொண்டே நடக்கவில்லை. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தான். அதுதான் விதி, ஆமாம்.

கவுண்டரில் சாவி. "சூடா இருக்கு, இப்பத்தான் குடுத்துட்டுப் போனாரு," என்றார் கவுண்டர்காரர்.

வீடு சுத்தமாக இருந்தது. மேஜை ஜன்னலோரம் போயிருந்தது. மேஜை முன்னால் ஒரு நாற்காலி. மற்றது எங்கே என்று தேடினேன். சமையலறைப் பரணில் இருந்தது. கால்கள் மேல்நோக்கி.

இடத்தை அடைத்திருக்கும்.

இறக்கி, துடைத்து, அவன் நாற்காலிக்கு எதிரில் போட்டேன்.

ஏப்ரல் 30

ரிக்கிலிருந்து பேசினான். அங்கே போன் ஒரு சின்னக் கூண்டுக்குள். வெளியே எப்போதும் ஒரு வரிசை நிற்கும். குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேர்கிறது. நான் ஒன்று சொல்லி அடுத்ததைத் தொடங்கும்போது, முதலில் சொன்னதற்கு "ம்" வருகிறது.

அரிசியைப் பற்றிச் சொன்னேன்.

"ம்."

"நாற்காலியை ஏன் பரண்ல போட்ட?"

"என்ன?"

"நாற்காலி."

"ஓ. நடக்கும்போது கால்ல இடிச்சுது."

"நீ பாடுவியாமே."

இந்த முறை தாமதத்துக்குப் போன் மட்டும் காரணம் இல்லை.

"யார் சொன்னா? சரி, பின்னால ஆள் நிக்குது. வெச்சிடறேன்."

மே 14

அம்மா வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு சுற்று.

"நீ இருக்கும்போது வந்தா மாப்பிள்ளை இல்ல. அவர் இருக்கும்போது வந்தா நீ இல்ல. எனக்கு ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவர் உன்கிட்ட நல்லாத்தானே பேசறார்?"

"பேசறார்மா."

"ம்," என்றாள். அதில் தாமதம் இல்லை.

மே 20

தளம். அவன் கடைசி. தன் பட்டையை இழுத்தான். நான் என்னுடையதை இழுத்ததைப் பார்க்கும் முன் படி ஏறிவிட்டான்.

ஜூன் 2

துளை ஆழமாகிக்கொண்டே போகிறது. இன்று அரிசி, கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. காத்திருந்தேன். சல்லடை அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கயோ பக்கவாட்டுல இடிஞ்சு அகலமாயிருக்கும். சேறு அங்க போய்ச் சுத்திட்டு வரும். வரும், வரும்."

ரொம்ப நேரம் கழித்து வந்தது. அத்தனை நேரமும் நான் தவறான ஆழத்துக்குத் தவறான கல்லை எழுதியிருக்கிறேன். பல நாளாக. முழுவதையும் திருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் நான் நினைத்ததைவிட முன்னாலேயே நடந்திருந்தது.

ஜூன் 17

கவுண்டரில் புதுச் சாவி. பளபளவென்று, முனைகூடத் தேயாமல்.

"பழசு அவர்கிட்ட இருக்காம். இது உங்களுக்காம். என் வேலை போச்சு," என்றார் கவுண்டர்காரர்.

இரண்டு சாவி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இருக்கப் போகும் வீட்டுக்குத்தானே இரண்டு சாவி வேண்டும்? மேடத்திடம் கேட்டிருக்கிறான். மாற்றம் கிடைக்கப் போகிறது. சொல்லாமல் வைத்து ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறான்.

பேருந்தில் வழியெல்லாம் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே வந்தேன். பல் பல்லாகத் தடம் விழுந்துவிட்டது.

நாற்காலி பரணில்.

பரவாயில்லை. இறக்கினேன்.

ஜூன் 21

போன்.

"சாவி செஞ்சியா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் அந்த ஆள்கிட்ட குடுத்து, அவர் ஏதாவது கிண்டல் பண்ணி… எதுக்கு அதெல்லாம்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன?"

எனக்கு அந்தக் கிண்டல் பிடித்திருந்தது. அவன் கொடுத்துவிட்டுப் போன ஒன்று இன்னொரு கை வழியாக என்னிடம் வருவது பிடித்திருந்தது. அதைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் எவ்வளவு சின்ன விஷயமாகிவிடும்.

ஜூலை 3

ஆறு மாதம் என்றோம். யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். நானே மேடத்துக்குப் போன் செய்தேன். அந்த இன்னொரு ரிக்கில் இடம் வருமா, எங்களில் ஒருவர் மாறினால் லீவு ஒன்றாக வருமே.

"மறுபடியும் கேக்கறீங்களேம்மா. ஏப்ரல்லயே அங்க ஓர் இடம் வந்துச்சே. உங்க வீட்டுக்காரர் தேதியோட ஒத்து வர்ற இடம். நீங்க ரிக்ல இருந்தீங்க, உங்க வீட்டுக்காரருக்குத்தான் போன் பண்ணேன். நீங்க அங்க மாறினா ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவுன்னு சொன்னேன். இப்படியே இருக்கட்டும், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்னாரே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னார் மேடம். எனக்குத்தான் மறந்துபோச்சு."

"அப்படியா," என்றார். அவர் நம்பவில்லை. ஆனால் நல்லவர். வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.

ஏப்ரலில். நான் கால் பாவாத நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பாடுவதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது. அரிசி வந்துடுச்சு என்று கத்தினேனே, அப்போது.

ஏன்டா.

ஜூலை 5

கூப்பிட்டான். நான் எடுத்ததுமே கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

அந்தப் பக்கம் காற்று. கூண்டுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

"சொன்னா தப்பா எடுத்துக்குவ."

"எடுத்துக்கறேன். சொல்லு."

"அந்த முதல் மாசம். வீட்ல தனியா இருந்தப்ப… மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு."

நான் எதுவும் சொல்லவில்லை. அவன் அதைத் தாமதம் என்று நினைத்திருப்பான். காத்திருந்துவிட்டு மேலே பேசினான்.

"உன் மேல கோவம் இல்ல. நீ ஒண்ணுமே பண்ணல. ஹாஸ்டல், அப்புறம் உங்க வீடு, அந்தப் பீரோ… நான் எப்பவும் யாரோடயாவது இருந்துகிட்டேதான் இருந்திருக்கேன். தனியா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. அங்க போய்த்தான் தெரிஞ்சுது. எனக்குப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்ல வாய் வரல."

"வேற யாராவது?"

"சத்தியமா இல்ல."

இருந்திருந்தால் திட்டியிருக்கலாம். ஒரு முகம் இருந்திருக்கும். அவன் என்னை விட்டுவிட்டுப் போனது ஒரு காலி அறைக்கு. அதோடு எப்படிப் போட்டி போடுவது?

"நான் வேணும்னா…" என்று தொடங்கினேன். அதே சமயம் அவனும், "நீ வேணும்னா…" என்றான். இரண்டும் நடுவில் எங்கோ முட்டிக்கொண்டன. இருவரும் நிறுத்திவிட்டோம்.

"பின்னால ஆள் நிக்குது," என்றேன் நான்.

ஜூலை 6

வீட்டில் இன்று:

சாம்பல் நிறம். மென்மை.

ஜூலை 9

எங்கே உடைந்தது? ஏப்ரலா? தாடியை எடுத்துவிட்டு வந்தானே, அப்போதா? அதற்கும் முன்பா? குளத்துக்குள் தலைகீழாகத் தொங்கியபோது என்னைப் பார்த்தானே, அது என்ன பார்வை? பயம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறேன். என் பயம்.

ஒரே ரிக் என்று ஒரே மூச்சில் சொன்னோம். அது மட்டும் உண்மை. மேடம் சாட்சி.

ஜூலை 15

தளம். அவன் நாலாவது. இந்த முறை என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். விதியை மீறி ஒரு கணம் நின்றான். பின்னால் இருந்தவர் இடித்துக்கொண்டார். பட்டையை இழுத்துக் காட்டினான்.

நான் இழுத்துப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

தளத்தின் ஆள் கையை வீசி அவனைப் போகச் சொன்னார்.

ஜூலை 28

நாற்காலியின் உயரத்தைக் குறைத்தேன். கால் தரையில் படுகிறது.

"இப்பத்தான் உங்க இடம் மாதிரி இருக்கு," என்றார் சல்லடை அண்ணன். அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நான் தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவிய கல்லையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 12

தளத்தில் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்தோம். சொல்லிவைத்த மாதிரி.

நேராக வீட்டுக்குப் போனேன். நாற்காலி பரணில் இல்லை. இறக்கி, துடைத்து, எதிரில் போட்டிருந்தான்.

இதற்குத்தான் அழுதேன். வேறு எதற்கும் இல்லை.

அவன் மோசமானவன் இல்லை. அதுதானே கஷ்டம். எனக்காக ஒரு நாற்காலி போட்டு வைப்பான். ஒவ்வொரு தடவையும் போடுவான். நான் ஏறிப் போனதும் அறை முழுவதும் அவனுக்கு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இது நடக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கம்பெனியே ஏற்பாடு செய்து தருகிறது.

துணிகளை மட்டும் எடுத்தேன். நாற்காலியைப் பரணில் வைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். இறங்கிவிட்டேன். அங்கேயே இருக்கட்டும். புதுச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன்.

"அவர் வந்ததும் குடுத்துடுங்க."

"நீ எப்ப வருவ?"

"மாத்தி மாத்தித்தான் வருவோம்," என்றேன்.

ஆகஸ்ட் 13

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தாள். பீரோ சுவரோரம் இருந்தது. ஆசைப்பட்டபடி.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து பீரோவை நடுவில் தள்ளிக்கொண்டிருந்தாள். தரையில் பழைய கீறல்களின் மேலேயே.

"எதுக்கும்மா? நான் ஒருத்திதானே."

"ஒருத்தின்னா அறை வேணாமா?"

இப்போது தட்டுகிறாள். துணி எடுக்கணுமாம்.

செப்டம்பர் 9

மாற்று நாள். நான் போகவில்லை. வேறு ரிக் கேட்டிருக்கிறேன். என் இடத்துக்கு வேறு ஒருவரை அனுப்புவதாக மேடம் சொன்னார். தளத்தில் அவன் வரிசையில் நின்றிருப்பான். என் இடத்தில் யாரோ இறங்கியிருப்பார். பட்டையை இழுத்துக் காட்டியிருப்பானா, பழக்கதோஷத்தில்?

செப்டம்பர் 18

மேடம் கூப்பிட்டார். அந்த இன்னொரு ரிக்கில் இடம் வந்திருக்கிறது. அக்டோபர் 7.

"இதுல ஒரு நல்ல விஷயம்," என்றார், தயங்கி. "உங்க வீட்டுக்காரர் தேதியேதான். சேர்ந்து போய், சேர்ந்து வரலாம்."

நான் வேறு ரிக் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். தேதி கேட்கவில்லை.

"சரி மேடம்."

"நிச்சயமா?"

இந்தக் கேள்வியை இவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இந்த முறை பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நிச்சயமா."

அக்டோபர் 7

கவுண்டர்காரர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காத்திருப்போர் வரிசையைப் பார்த்தார். அவன் முன்பே வந்திருந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நாளா? அப்ப இனிமே லீவும் ஒண்ணா. இப்பத்தான் நல்லதாப் போச்சு. சாவி?"

"அவர்கிட்டயே இருக்கு."

"அதானே. இனிமே நான் எதுக்கு," என்று என் அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தினார்.

அவனுக்குப் பக்கத்து நாற்காலிதான் காலி. உட்கார்ந்தேன். பாதுகாப்புப் படம் போட்டார்கள். எத்தனையோ முறை பார்த்த படம். இருவரும் மிகவும் கவனமாகப் பார்த்தோம். பிப்ரவரிக்குப் பிறகு அவன் பக்கத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது இன்றுதான்.

"டீ?" என்றான்.

"வேணாம்."

"புது ரிக்ல துளை எவ்வளவு ஆழம்?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

"ம்."

"இப்பவும் பாடறியா?"

சிரித்தான். கொஞ்சம். "வீட்லயும் பாடறேன். பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டினாங்க."

நானும் சிரித்தேன். என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டது.

படத்தின் கடைசியில், பக்கத்தில் இருப்பவரின் பட்டையைச் சரிபார்க்கவும் என்று வந்தது. கூடம் முழுவதும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள். அவன் என் பட்டையை இழுத்துப் பார்த்தான்.

"சரியா இருக்கு."

நான் அவனுடையதை இழுத்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கினேன்.

"இப்ப சரி."

அவனுடைய ஹெலிகாப்டர் முதலில் வந்தது.

இங்கே, புது ரிக்கிலும், யூனிட் அதே மாதிரிதான். நாற்காலியை வந்ததுமே என் உயரத்துக்கு வைத்துக்கொண்டேன். பிற்பகல் ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுச் சல்லடை முன்னால் போய் நின்றேன். துளை இன்னும் ஆழமில்லை. சீக்கிரமே வந்துவிட்டது.